எலும்புக்குத் தங்க முலாம்

அந்தப் புனிதை எங்களிடம் வந்து சேர்ந்தபோது உடைந்த அரிசிமணி ஒன்றின் அளவில் இருந்தார். கியூபெக் மாகாணத்தில் கன்னியர் மடம் ஒன்றை மூடினார்கள். எஞ்சியிருந்த சில வயோதிபச் சகோதரிகளை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதற்கு முன், மடத்தில் இருந்த திருப்பண்டங்களைக் கேட்ட கோவில்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். திருப்பண்டம் என்றால் புனிதர்களின் எலும்பு, உடை ஆகியவற்றின் துண்டுகள். ஸ்காபரோவில் ஒரு வெள்ளைக்காரக் கோவிலை ஞாயிறு பின்னேரங்களில் இரவல் வாங்கித் தமிழ்ப் பூசை வைக்கும் எங்களுக்கு, நடுக்கால ஐரோப்பாவில் அரசியாக இருந்த ஒருவரின் எலும்பு கிடைத்தது. அவர் இளம் வயதில் விதவையாகி, நகைகளைக் கழற்றி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நோயாளிகளின் புண்ணைக் கழுவப் போனவர். நகைகளைக் கழற்றியவர் என்ற தகவல் சிறப்பு மலரில் இரண்டு இடங்களில் வந்தது. குழுவில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அரசியின் திருநாளுக்கான அந்த மலரைத் தயாரித்தவன் நான். முப்பது வருடம் பத்திரிகையில் பிரதி திருத்தியவனிடம் ஊர்க் கூட்டங்கள் கேட்கும் ஒரே உதவி அதுதான். ஞானஸ்நானம் பெற்றவன் என்பதால் மறுக்கவும் முடியவில்லை. எலும்பு வந்த அன்று அதைப் படம் எடுத்து, பார்த்ததை எழுதிக்கொண்டேன். வட்டமான பித்தளைப் பெட்டி. இரண்டு டொலர் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே சிவப்புப் பட்டுத் துணியில் எலும்புத் துகள், அதன் கீழே புனிதையின் பெயர் எழுதிய மெல்லிய கடதாசி. திருப்பிப் பார்த்தால் பின்மூடியின் குறுக்கே இரண்டு சிவப்பு நூல்கள் சிலுவை போல ஓடின. அவை சந்திக்கும் இடத்தில் ஒரு சொட்டு அரக்கு, அதில் ஏதோ ஒரு பழைய ஆயரின் முத்திரை.

கூடவே இலத்தீனில் ஒரு பத்திரம் இருந்தது. தமிழ்ப் பூசைக்குப் பொறுப்பான குரு அதை எங்களுக்கு விளக்கினார். நூலும் முத்திரையும் முழுதாக இருக்கும்வரை உள்ளே இருப்பது இன்னாருடைய எலும்பு என்று திருச்சபை சொல்லும். நூல் அறுந்தால் எலும்பு அதே எலும்புதான், ஆனால் யாருடையது என்று எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள். மக்கள் முத்தமிட வைக்கவும் கூடாது. எண்ணூறு வருட விசுவாசம் ஒரு சாண் நூலில் தொங்குவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருவர் மட்டும் அதைச் சிரிக்காமல் கேட்டார்.

அவர் மன்னார்ப் பெண். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ரூஜ் பக்கத்தில் மகளின் வீட்டு பேஸ்மென்ரில் இருந்து இரண்டு பஸ் பிடித்து வந்து, பதினெட்டு வருடமாக எங்கள் திருப்பொருள் அறையைப் பார்த்துக்கொள்கிறார். பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு, கிண்ணம், மெழுகுதிரி எல்லாம் வைத்துப் பூட்டும் சிறிய அறை அது. அதன் பூட்டுத் திறப்பு அவருடைய கழுத்தில் செபமாலையோடு தொங்கும். இந்த நாட்டில் அவரை நம்பி வேறு யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். முறைப்பாடாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

எலும்பு வந்து சேரும் முன்னரே அதற்குப் புரவலர் வந்துவிட்டார். அஜக்ஸில் இருக்கும் வீடு விற்பனை முகவர். அவருடைய சிரித்த முகம் எங்கள் வட்டாரத்தில் மூன்று பஸ் தரிப்பிட வாங்குகளின் முதுகில் இருந்தது. மழை நாட்களில் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"எவ்வளவாம்?" என்று கேட்டார்.

"விக்கிறதில்லையாம். பாவமாம்," என்றார் குரு.

"ஓம் ஃபாதர், விக்கிறதில்லை. விளங்குது. டொனேஷன் எவ்வளவாம்?"

நடுக்கால அரசர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. புனிதப் பொருளை வாங்குவது பாவம், ஆனால் அன்பளிப்பாக ஏற்கலாம். அன்பளிப்புத் தருகிறவருடைய அடகை மீட்டுக் கொடுக்கலாம். ஒரு பிரெஞ்சு அரசன் அப்படித்தான் இயேசுவின் முள்முடி என்று ஒன்றைப் பெற்று, அதை வைக்கக் கண்ணாடிச் சுவர்களால் ஒரு கோவிலே கட்டினான். உள்ளே போகிறவர்கள் முதலில் பார்ப்பது கோவிலை, அடுத்தது பேழையை. முள்ளைத் தேடிப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். கியூபெக் சகோதரிகள் ஒரு சதமும் வாங்கவில்லை. எனவே எங்கள் புரவலர் வாங்க முடியாத பொருளைச் சுற்றியிருந்த அத்தனையையும் வாங்கப் புறப்பட்டார்.

எலும்புப் பெட்டியை வைத்துக் காட்டும் பேழை எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுவதற்காக அவரையும் குருவையும் நகர நடுவில் உள்ள ஓவியக் காட்சிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்ததைச் சொல்லிக் காட்டும் ஆசை எனக்கும் உண்டு. அதற்கான விலையைப் பிறகு இன்னொருவர் கொடுக்க வேண்டி வந்தது.

சிறிய வீடு போலக் கூரை வைத்துச் செய்த ஒரு பழைய பேழைக்கு முன் புரவலர் குனிந்து நின்றார்.

"உது செம்பு எல்லோ அண்ணை?"

"ஓம். மேலை முலாம்."

"கஞ்ச ராசாக்கள்," என்றார்.

அடுத்த அறையில் மரப்பலகையில் தீட்டிய மாதா படம் ஒன்று இருந்தது. கீழ் மூலையில், முழங்காலில், கை கூப்பியபடி ஒரு சிறிய மனிதன்.

"உவர் ஆர்? புனிதரோ?"

"இல்லை. படம் கீறக் காசு குடுத்தவர்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "காசு குடுத்தவரை உள்ளுக்கை விட்டிருக்கினம்?"

"அந்தக் காலத்திலை அதுதான் வழக்கம்."

"அப்ப ஏன் இவ்வளவு சின்னன்?"

"தாழ்மை," என்றேன்.

"தாழ்மை எண்டால் கீறாமலே விட்டிருக்கலாம்," என்றார் குரு. அந்த மாதத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வசனம் அது. புரவலர் அதைக் கேட்கவில்லை. மூலையில் இருந்த மனிதனைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்துக்குள் எங்களுக்கும் ஒரு படம் வந்தது. கல்யாண மேடைகளுக்குப் பின்திரை வரையும் ஒருவரிடம் கொடுத்துச் செய்வித்தது, எட்டடி உயரம். அவருக்குப் புரவலர் சொன்ன அறிவுறுத்தலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ராசா மாதிரி வேண்டாம் தம்பி. பக்தன் மாதிரிக் கீறும். ஆனாப் பாக்கிற சனத்துக்கு ஒரு ராசாக் களை தெரியவேணும்." ஓவியர் அவருக்கு உரோமக் கரை வைத்த சிவப்பு மேலங்கி போட்டுவிட்டார். அளவில் தாழ்மை காட்டவில்லை. முழங்காலில் நிற்கும் புரவலரும் நின்றுகொண்டிருக்கும் அரசியும் ஒரே உயரம். அரசிக்குத் தன் மனைவியின் முகத்தை வைக்கவும் புரவலர் விரும்பினார். மனைவி சம்மதிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கு மரியாதை உள்ள ஆள் அவர்தான்.

பேழை தமிழ்நாட்டில் இருந்து விமானத்தில் வந்தது. மூன்றடி உயரத் தண்டு, உச்சியில் கதிர் வீசும் சூரியன், சூரியனின் நடுவில் வட்டத் துளை, அடியில் புரவலரின் பெயர். எங்கள் பெட்டியைத் துளைக்குள் வைத்துப் பார்த்தோம். தங்கச் சூரியனுக்கு நடுவில் பழைய கோட்டுப் பொத்தானைத் தைத்தது போல இருந்தது.

"மங்கிப்போய்க் கிடக்கு. பொலிஷ் போட்டால் சரி," என்றார் புரவலர்.

குழுவில் ஒருவருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் சனத்தில் யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், சைவர், வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான சடங்கு ஒன்று உண்டென்றால், அது ஒரு விசேஷத்துக்கு முன் நகைக்கடைக்குப் போவது. தாலிக்கொடி, காப்பு, அட்டியல் எல்லாம் பிளாஸாவில் உள்ள கடைக்குப் போய், ஒரு நாள் தங்கி, கழுவி மினுக்கிக்கொண்டு திரும்பி வரும். அரசிக்கு விசேஷம் வருகிறது, அரசியும் கடைக்குப் போகவேண்டும். அவர்கள் அப்படித்தான் யோசித்தார்கள். குரு தலையை ஆட்டினார். அக்கா அறையைத் திறந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"நூலைத் தொடக்கூடாது எண்டு கடைக்காரரிட்டைச் சொல்லுங்கோ. நூல் போனால் ஒண்டுமில்லை."

"நான் சொல்லுறன் அன்ரி. நீங்கள் யோசியாதேங்கோ."

மலருக்குப் படம் வேண்டும் என்று புரவலர் என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடி மேசைக்கு மேலால் அவர் பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுக்கும் காட்சி. முதல் இரண்டு படங்களும் அவருக்குப் பிடிக்கவில்லை. "என்ரை முகமும் தெரியவேணும், பெட்டியும் தெரியவேணும்," என்றார். மூன்றாவதில் பெட்டியை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, அதன் முதுகு கமராவைப் பார்க்கும்படி பிடித்தார். முதுகு என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தொலைபேசி அடித்தது. விட்பியில் ஏதோ ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போட்டியாம். பேசிக்கொண்டே வெளியே போனார். நூலைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் மேசைக்கு முன்னால்தான் நின்றேன். நானும் சொல்லவில்லை. நான் படம் எடுக்க வந்தவன், சொல்வது என் வேலை அல்ல என்று நினைத்தேன். அப்படி நினைப்பதைத்தான் நடுநிலைமை என்று பத்திரிகையில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

அடுத்த நாள் பெட்டியைத் திரும்ப வாங்கும் காட்சியையும் எடுத்தேன்; அவருடைய முகம் சரியாக வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். அன்றே பக்கங்கள் அச்சகத்துக்குப் போயின.

சனிக்கிழமை காலையில் அக்காவிடம் இருந்து அழைப்பு. "தம்பி, பெட்டிக்கு முதுகு வெறுமையாய்க் கிடக்கு."

நான் போய் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே நகைக்கடைக்குப் போனேன். அக்கா பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அது புது மோதிரம் போல மின்னியது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தார்.

"பின்னாலை நூல் இருந்ததே?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, ஏதோ ஊத்தை நூல் சுத்தி மேலை மெழுகும் ஊத்தியிருந்தது. அதோடை முலாம் பிடிக்காது. எடுத்துப்போட்டன்."

"எங்கை?"

"குப்பையிலை. அது நேற்றே போயிட்டுது."

"உள்ளுக்கை இருந்தது?"

"அது பத்திரம். துணியோடை அப்பிடியே எடுத்து வைச்சு, முலாம் போட்டாப்பிறகு திருப்பி வைச்சிட்டன். கொஞ்சம் ஆடினது, அதுக்கு ஒரு சொட்டுக் கம் விட்டனான்." தன் கவனத்தைத் தானே மெச்சுவது போலச் சற்று நிறுத்தினார். "உது என்ன அக்கா, பிள்ளையின்ரை பால்பல்லோ?"

"எலும்பு. செத்தவவின்ரை."

கடைக்காரர் மேசையில் இருந்து கையை எடுத்தார். சுவரில் இருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கடைக்குள்ளை எலும்போ? ஐயோ அண்ணை, நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே!" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்னால் போனார். தண்ணீர் நெடுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. இந்தக் கதையில் புனிதப் பொருளைத் தொட்டதற்குரிய அச்சத்தைக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

நடுக்காலத் துறவிகள் பக்கத்து மடத்துப் புனிதர்களைத் திருடியிருக்கிறார்கள். பன்றியின் எலும்பைப் புனிதரின் எலும்பு என்று விற்றவர்கள் இருந்தார்கள். ஒரே புனிதருக்கு இரண்டு ஊர்களில் தலை இருந்தது, இரண்டும் அற்புதம் செய்தன. ஆனால் புனிதரைப் பொலிஷுக்குக் கொடுத்து இழந்த கதையை நான் எங்கும் படித்ததில்லை. அதற்கு நாங்கள் வரவேண்டியிருந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் குழு கூடியது. மடக்கு மேசை, ரோல்ஸ், தேத்தண்ணி. அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குக் கதிரை போட யாருக்கும் தோன்றவில்லை. வியாழக்கிழமை ஆயர் இல்லத்தில் இருந்து ஒரு குரு வந்து முத்திரையைப் பார்த்துத்தான் திருநாளுக்கு அனுமதி தருவார். அவருக்கு என்ன சொல்வது என்பதே பேச்சு.

"இதிலை பெரிய பிரச்சினை இல்லை," என்றார் புரவலர். "அன்ரி துடைக்கேக்க நூல் அறுந்துபோச்சு எண்டு சொல்லுவம். வயசு போன ஆள். அவையளும் மன்னிச்சு விட்டிடுவினம்."

"அன்ரிக்கும் ஓய்வு தேவைதானே," என்றார் ஒருவர்.

"திறப்பை இனி ஆராவது இளம் ஆள் வைச்சிருக்கட்டும். அப்ப ஆயர் இல்லத்துக்கும் நாங்கள் நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும்," என்றார் இன்னொருவர்.

குரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே உள்ள வசனங்கள் பிழையில்லாமல் என்னிடம் இருப்பதற்குக் காரணம் அதுதான். வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு துல்லியம் கிடைத்திராது.

அக்கா கழுத்தில் இருந்த திறப்பைக் கையால் பிடித்துக்கொண்டார். "திறப்பைக் கேட்டால் தாறன், ஃபாதர். செய்யாத பிழையை வாங்கமாட்டன்."

"அன்ரி, ஒரு சொல்லுத்தானே," என்றார் புரவலர்.

"அப்ப அந்தச் சொல்லை நீங்களே சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே மைக் எண்டால் விருப்பம்."

ஒருவர் சிரித்து, சிரித்ததை ரோல்ஸால் அடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். மூலையில் மலர்ப் பெட்டிகள் இருந்தன. ஒன்றைத் திறந்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். "பதினோராம் பக்கம்," என்றேன். புரவலர் பக்கத்தைத் திறந்து முதலில் தன் முகத்தைப் பார்த்தார். முகம் நன்றாக வந்திருந்தது. பிறகு நெஞ்சுக்கு நேரே இருந்த பெட்டியைப் பார்த்தார். சிவப்பு நூல் சிலுவையும் அரக்கும், எண்ணிவிடலாம் போலத் தெளிவாக. கீழே இரண்டாவது படம். அதே முகம், அதே சிரிப்பு, பெட்டியின் முதுகு கண்ணாடி போல. படவிளக்கம் இரண்டு நாட்களையும் நகைக்கடையையும் குறிப்பிட்டிருந்தது.

"அண்ணை, உதை ஏன் போட்டனீங்கள்?"

"முகமும் பெட்டியும் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"அந்த ஒற்றையைக் கிழிச்சுப்போட்டுக் குடுப்பம்," என்றார். ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் ஆயரின் ஆசிச் செய்தி இருந்தது. கிழிக்கும் யோசனை அத்தோடு நின்றது.

எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது போல நான் உட்காரப் போனபோது அக்கா கேட்டார். "அப்ப நீங்களும் அங்கை நிண்டனீங்கள், தம்பி?"

"ஓம்."

"நூலைப் பற்றி நீங்களும் சொல்லேல்லை."

"இல்லை அக்கா."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடுநிலைமையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை வந்த குரு உயரமான, முப்பது வயதளவுள்ள வெள்ளைக்காரர். சட்டைப்பையில் இருந்து மணிக்கூடு திருத்துகிறவர்களின் உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்து, பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். வைத்தார். யார் திறந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

துப்புரவு செய்யும்போது நடந்த சிறிய விபத்து என்றார் புரவலர். பதினோராம் பக்கத்துக்குப் பிறகும் அவர் அதைச் சொன்னார். வீடு விற்கிறவர்களிடம் நான் வியப்பது இந்தத் தைரியத்தைத்தான்.

யார் துப்புரவு செய்தது என்று கேட்டார் வந்தவர். குழுவில் நான்கு பேர் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் போதாது. அவர் மலரைத் திறந்து வந்தவர் முன்னால் வைத்து, விரலை முதலில் மேல் படத்திலும் பிறகு கீழ்ப் படத்திலும் வைத்தார். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. வந்தவர் படத்தில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அக்காவிடம் என் மூலமாகக் கேட்டார். பெட்டி வந்த நாளில் இருந்து அந்த ஒரு தடவை தவிர வேறெப்போதாவது உங்கள் பொறுப்பை விட்டுப் போனதா? இல்லை. எலும்பும் பெயர் எழுதிய கடதாசியும் அதே எலும்பும் அதே கடதாசியும் என்று சத்தியம் செய்வீர்களா? செய்வேன். திருநாளுக்கு இதை வைக்க முடியாது என்றார் அவர். என் பழைய படங்களோடும் நகைக்கடைக்காரரின் கடிதத்தோடும் பெட்டியை நகருக்குக் கொண்டுவர வேண்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்வோம், மறுபடி முத்திரை இடலாம் அல்லது இடாமலும் விடலாம். இதற்குப் பொறுப்பாளர் யாரோ அவரே நேரில் வரவேண்டும்.

புரவலர் முன்னுக்கு வந்தார். தான்தான் புரவலர் என்றார்.

பொறுப்பாளரைக் கேட்டேன் என்றார் வந்தவர்.

எல்லாரும் எங்கள் குருவைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவைக் காட்டினார். காட்டியதில் பாதி துணிவு, மீதி பயம் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்யும் வேலை அவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைக்காரக் குருவின் கார் போனதும் புரவலர் சொன்னார்: "உங்கை போய்ச் சரிவரேல்லை எண்டால், திருநாள் கெட்டதுக்கு ஆராவது பொறுப்பெடுக்க வேணும், ஃபாதர். அப்ப திறப்புக் கைமாறும்."

"பாப்பம்," என்றார் குரு.

திருநாள் கெடவில்லை. புரவலர் அதைக் கெட விடுவாரா? சூரியனின் நடுவில் இருந்த துளையை மறைக்க, என் மலரின் அட்டையில் இருந்து அரசியின் முகத்தை வட்டமாக வெட்டி ஒட்டினார்கள். மேளம் இல்லாத குறைக்கு பாண்ட் வாத்தியம். குடை பிடித்து, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, முதல் பனி நசநசத்த தரையில் பேழை வலம் வந்தது. ஒலிபெருக்கியில் குரு, தவிர்க்க முடியாத காரணங்களினால் என்று தொடங்கி ஏதோ சொன்னார். பாண்ட் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அதற்காகத்தான் அந்த நேரத்தில் சொன்னார்.

உள்ளே சனம் வரிசையாக வந்து அச்சுக் கடதாசியை முத்தமிட்டது. ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் வெள்ளைத் துணியால் துடைப்பது அக்காவின் வேலை. அவர் வரவில்லை. திருப்பொருள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, உண்மையான பெட்டியோடு இருந்தார். துணியைப் புரவலர் எடுத்துக்கொண்டார். பஸ் வாங்கில் உள்ள அதே சிரிப்போடு துடைத்தார். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை எட்டடிப் படத்தை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, உது பஸ் ஸ்டொப் அங்கிள் எல்லோ? வை இஸ் ஹி எ கிங்?" என்று கேட்டாள். தாய் அவளுடைய தலையைப் பிடித்துக் குனிய வைத்தார். நான் முத்தமிடாமல் வரிசையை விட்டு விலகினேன். விலகியது யாருக்கும் தெரியவில்லை, அதனால் அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

டிசம்பரில் அக்காவும் நானும் சுரங்க ரயிலில் நகருக்குப் போனோம். கடைக்காரர் கடிதம் தந்திருந்தார். பெட்டியைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு, என் காரின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்திட்டுத் தந்தார். ரயிலில் அக்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எதிரே இருந்தவர்கள் உள்ளே நிறையக் காசு இருப்பதாக நினைத்திருக்கலாம்.

"முத்திரை போடேல்லை எண்டால் திறப்பை நானே குடுத்திடுவன். அவை வாங்க முதல்," என்றார்.

"ஏன் அக்கா?"

"என்ரை கையாலைதானே தூக்கிக் குடுத்தனான். ஃபாதர் தலையாட்டினது உண்மை. ஆனா அறையின்ரை கதவைத் திறந்தது நான்."

அந்த மண்டபத்தில் இருந்த ஒன்பது பேரில் தன் பங்கு எவ்வளவு என்று கணக்காகச் சொன்னவர் அவர் மட்டும்தான். பிழை அவர் தலையில் கட்டப்படவிருந்ததும் அதனால்தானோ என்னவோ.

வியாழக்கிழமை வந்த அதே குருவின் அறை. படப்பிரதி இயந்திரம், அதன்மேல் அவருடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டி. எட்டு நூற்றாண்டுப் பழைய அரசியை அவர் மேசையில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்தார். உருப்பெருக்கியால் எலும்பின் விளிம்பை என் படத்தோடு ஒப்பிட்டார். கடதாசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பசையைக் கண்டு மூக்கைச் சுளித்தார். கடிதத்தை வாசித்தார். வெளியே போய் யாருடனோ பேசிவிட்டு வந்தார். அக்கா அந்த நேரம் முழுக்க எழுந்து நின்றார், கதிரை இருந்தும்.

பிறகு அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். தையல் கடையில் வாங்கும் நூற்கட்டை போலவே ஒரு சிவப்பு நூற்கட்டை. அளந்து வெட்டி, மூடியின் குறுக்கே கட்டினார். அக்கா குனிந்து சுண்டுவிரலால் நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"தளர்வாய்க் கிடக்கு எண்டு சொல்லுங்கோ தம்பி."

சொன்னேன். அவர் அவிழ்த்து, மறுபடி இழுத்துக் கட்டினார். லைட்டரால் அரக்கை உருக்கி ஒரு சொட்டு விட்டு, முத்திரையை அழுத்தினார். ஏழு நிமிடம் ஆகியிருக்கும். நாடகம் ஒன்றும் இல்லை. சிறிது புகை நாற்றம், அவ்வளவுதான்.

புதிய பத்திரத்தைக் கணினியில் நிரப்பும்போது அவர் தலையை உயர்த்தாமலே சொன்னார். எங்கள் புரவலர் இரண்டு தடவை தொலைபேசி எடுத்து, தன்னுடைய பெயரும் வரவேண்டும் என்று கேட்டாராம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. என்ன எலும்பு, எப்படி முத்திரையிட்டது, யாருடைய பொறுப்பில் இருக்கிறது, இவ்வளவுக்குத்தான் இடம். அக்காவின் முழுப் பெயரை அவர் கேட்டு எழுதினார். தாள் இயந்திரத்தில் இருந்து சூடாக வெளியே வந்தது.

"எனக்கு வாசியுங்கோ," என்றார் அக்கா. வாசித்தேன். "பிறகும் ஒருக்கா," என்றார். பிறகும் வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு நான் நேரத்தோடு போனேன். தங்கச் சூரியன் பீடத்தில் தயாராக நின்றது, அட்டைப் படத்தை உரித்து எடுத்திருந்தார்கள். அக்கா அறையைத் திறந்து, பெட்டியை எடுத்து வந்து, பக்கத்தில் இருந்த சிறிய மேசையில், தானே கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைத் துணியின்மேல், சிவப்பு நூல் தெரியும்படி வைத்தார். ஒரு மெழுகுதிரியை ஏற்றினார். துடைக்கும் துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

புரவலர் முன்வரிசையில் இருந்து எழுந்து வந்தார். "அன்ரி, ஏன் பேழைக்குள்ளை வைக்கேல்லை?"

"அதுக்குள்ளை வைச்சால் முதுகு தெரியாது," என்றார் அக்கா. "கும்பிடப்போறியள் எண்டால் வரிசையிலை வாங்கோ."